பதினேழாவது பாட்டு

கும்பகோணத்தில் இருக்கும் என் தாய்மாமாவின் சின்னஞ்சிறு பாட்டுக் கருவியில், நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகப் பதிவு 17ஆவது இடத்தில் இருந்தது. 2012ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அதை 63ஆவது இடத்துக்கு மாற்றியவன் நான். அவருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் செய்தேன். செய்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இதில் என்ன பெரிய குற்றம் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அண்மையில் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஓர் இளைஞர், கைப்பேசியை ஓயாமல் பார்த்துச் சலித்துவிட்டதாகவும், திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள் என்னும் பாட்டுக் கருவி ஒன்று பழைய பொருள்கள் விற்கும் இணையதளத்தில் கிடைப்பதாகவும் சொல்லி, "வாங்கலாமாண்ணே?" என்று கேட்டார். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கருவியின் நிறை குறைகளை நினைக்கத் தொடங்கினாலே நினைவு நேராக மாமாவின் கட்டைவிரலுக்குப் போய்விடுகிறது. அதனால் அந்த இளைஞருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆப்பிள் நிறுவனம் ஐபாட் ஷஃபிளை முதலில் வெளியிட்டது 2005 ஜனவரியில். ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் அளவு, 22 கிராம் எடை, 512 எம்பி கொள்ளளவுள்ளதற்கு 99 டாலர் விலை. அந்த நாளில் கடைகளில் கிடைத்த சிறு எம்பி3 கருவிகளில் ஒரு வரியோ இரண்டு வரியோ காட்டும் மங்கலான திரைகள் இருந்தன; அவற்றில் ஒரு பாட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அதைக் கேட்கும் ஆசையே போய்விடும். மறுபுறம், பெரிய ஐபாட் வைத்திருந்தவர்களில் பலர் எல்லாப் பாட்டுகளையும் கலைத்துப் போட்டுக் கேட்பதை விரும்பினார்கள். எதையும் தேடப் போவதில்லை என்றால் திரை எதற்கு என்ற வாதத்தின் மேல் எழுந்த கருவி இது. 2006 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி இன்னும் சிறியது: நாலு சென்டிமீட்டர் நீளம், சுமார் 15 கிராம் எடை, அலுமினிய உடல், முதுகில் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், 1 ஜிபி கொள்ளளவு, 79 டாலர் விலை. 2007இல் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் எனக்காக வாங்கி வந்தது அதைத்தான்.

முகப்பில் ஒரு வட்டம். நடுவில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பொத்தான். அதைச் சுற்றி மேலே ஒலியைக் கூட்ட, கீழே குறைக்க, வலப்பக்கம் அடுத்த பாட்டு, இடப்பக்கம் முந்தைய பாட்டு. விளிம்பில் நகத்தால் தள்ளக்கூடிய இரண்டு சிறு சுவிட்சுகள். ஒன்று கருவியை இயக்குவதற்கு, மற்றொன்று பாட்டுகள் வரிசையாக வர வேண்டுமா, கலைந்து வர வேண்டுமா என்று சொல்வதற்கு. அரிசி அளவு விளக்கு பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மின்கலத்தின் நிலையைச் சொல்லும். இவ்வளவுதான் அந்தக் கருவி.

தாம்பரம் முதல் கடற்கரை வரை

அடுத்த இரண்டு ஆண்டுகளும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் அதைக் கேட்டபடிதான் வேலைக்குப் போனேன். காலை எட்டு மணிக் கூட்டத்தில் ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும், மற்றொரு கை பையை அணைத்திருக்கும். அந்த நிலையிலும் சட்டைப் பையின் ஓரத்தில் மாட்டியிருக்கும் கருவியைத் துணிக்கு மேலாகவே தடவி ஒலியைக் குறைத்துவிட முடியும். எடுத்துப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லாததால் எடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை. பரங்கிமலையில் ஏறும் பூக்காரம்மாவையும், மாம்பலத்தில் இறங்கத் தவிக்கும் கூட்டத்தையும், கோட்டை நிலையத்தருகே திடீரென்று விரியும் வானத்தையும் பார்த்துக்கொண்டே கேட்டேன். பாட்டு காதில் இருக்கும், கண் தன் போக்கில் இருக்கும். கைப்பேசியில் கேட்கும் இந்த நாளில் எனக்கு வாய்க்காமல் போனது இந்த இரண்டும் சேர்ந்த நிலைதான்.

அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது. ஒரு பாட்டு தொடங்கும்போது பெயரும் ராகமும் பாடியவரும் கண்ணில் பட்டுவிட்டால், காது பாதி வேலையை விட்டுவிடுகிறது. ஷஃபிளில் அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. ஒரு முறை, நான் அவசரத்தில் ஏற்றியிருந்த பழைய வானொலிப் பதிவு ஒன்றில் ஓர் ஆலாபனை வந்தது. தர்பாரா, நாயகியா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போன்ற ராகங்கள். தேர்ந்தவர்களுக்கே சில பிடிகளில் தயக்கம் வரும். காந்தாரத்தை எப்படித் தொடுகிறார், நிஷாதத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஒரு வாரம் போகவர அதையே கேட்டேன். கடைசியில் வீட்டுக் கணினியில் பார்த்தபோது தர்பார் என்று இருந்தது. பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே நானும் தர்பார் என்று முடிவுகட்டியிருந்தேன். திரை இருந்திருந்தால் அந்த ஒரு வாரம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் இதே கருவி கச்சேரி இசைக்குச் செய்த தீங்கையும் சொல்ல வேண்டும். கச்சேரி என்பது வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகளில் சூடேறி, ராகம் தானம் பல்லவியில் விரிந்து, சிறு பாட்டுகளான துக்கடாக்களில் இளகி மங்களத்தில் முடியும் ஓர் ஓட்டம். குறுவட்டில் அது துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும்: ராகம் ஒன்று, தானம் ஒன்று, பல்லவி ஒன்று, மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் ஒன்று. கலைத்துப் போடும் சுவிட்சைத் தள்ளினால், யாரோ பாடிய கல்யாணி ஆலாபனைக்குப் பின் வேறொருவர் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் தலையும் வாலும் இல்லாமல் வந்து நிற்கும். கச்சேரியை முடிக்கும் மத்யமாவதி ராகத்தில் எல்லாம் நிறைந்து முடிந்த கையோடு நடுக்கச்சேரிக் கீர்த்தனை ஒன்று பாதி வேகத்தில் புறப்படும். மூன்று நிமிடப் பாட்டுகளின் உலகத்துக்காக எண்ணிச் செய்யப்பட்ட கருவி அது. அந்த உலகத்திலும் சிக்கல் இல்லாமல் இல்லை. உண்மையாகவே தாறுமாறாக வரும் வரிசையில் ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவதும் இயல்பு. கேட்பவர்களோ அதைக் கண்டு, இது கலைக்கவே இல்லை என்று சந்தேகப்பட்டார்கள். 2005 செப்டம்பரில், பாட்டுகளைக் கருவியில் ஏற்றும் ஐட்யூன்ஸ் மென்பொருளில், ஒரே பாடகர் அருகருகே வரும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு வசதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தாறுமாறு என்று மனம் நம்புவதற்கே ஓர் ஒழுங்கு தேவைப்பட்டிருக்கிறது. நான் அந்தச் சுவிட்சை 'வரிசை' பக்கம் தள்ளி வைத்தேன். பிறகு அதைத் தொடவே இல்லை.

கேஸ்

மாமா பதினாறு வயதில், 1957இல், கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில், ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தவர். ஆஃப்செட்டும் கணினியும் வந்து ஈய எழுத்துகள் எடைக்குப் போகும் வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அதே வேலை. சிறுவயதில் பள்ளி விட்டு அவரைப் பார்க்கப் போவேன். சாய்ந்த மரத்தாங்கிமேல் கேஸ் இருக்கும். அதில் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ அறைகள். அடிக்கடி வரும் எழுத்துகள் கைக்குப் பக்கத்தில், அபூர்வமாக வருபவை எட்டி எடுக்கும் ஓரங்களில். மாமாவின் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். இடக்கையில் எழுத்துகளைக் கோக்கும் ஸ்டிக், வலக்கை தானாகப் போய் எழுத்தை எடுத்து வரும். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சிறு வெட்டு இருக்கும்; விரல் அதைத் தொட்டதும் எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பார்த்து எடுக்கிறவன் மாலைக்குள் ஒரு பக்கம்கூட முடிக்க மாட்டான் என்பார்.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களும், துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை வடிவங்களும் கேஸிலிருந்து நீங்கின. இனி 'லை' வேண்டுமென்றால் ஐகாரக் கொம்பையும் 'ல'வையும் தனித்தனியாக எடுத்துக் கோக்க வேண்டும். படிக்கும் நமக்கு அது கண்ணுக்குப் பழகிய வடிவம் ஒன்றின் மாற்றம் மட்டுமே. மாமாவின் கையோ பல மாதங்கள் காலியாகிப் போன அந்தப் பழைய அறைக்கே போய்த் திரும்பியதாம். "கண்ணு ஒரே நாள்ல பழகிடும் மாப்ளே, கை பழகறதுக்குத்தான் நாளாகும்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொன்னபோது அதன் பொருள் எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அறுபத்தைந்து வயதுக்கு மேல் அவருக்குக் கிளாக்கோமா இருப்பது தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு நலியும் நோய். முதலில் பக்கவாட்டுப் பார்வையைத் தின்னும், நடுப்பார்வை கடைசிவரை இருப்பதால் நோயாளிக்கு நெடுநாள் தெரியாது. போன பார்வை திரும்பாது. சொட்டுமருந்தால் எஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மாமாவுக்கு எஞ்சியிருந்தது மிகக் கொஞ்சம். 2010இல் நான் கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கத் தொடங்கி, ஷஃபிள் மேசை இழுப்பறைக்குப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அவரிடம் கொடுத்தேன்.

ஒரு ஜிபியில், 128 கிலோபிட் தரத்தில், ஏறத்தாழ 16 மணி நேர இசை அடங்கும். ஆறு முழுக் கச்சேரி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் விரும்பிய பழைய நாதஸ்வரப் பதிவுகளையும் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்), எம்.டி. இராமநாதன், ஆலத்தூர் சகோதரர்கள் பாடியவற்றையும் கைக்குக் கிடைத்த வரிசையில் நிரப்பினேன். 140 துண்டுகளுக்கு மேல் இருந்தன. பொத்தான்களை அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து அவரே மேல் கீழைக் கண்டுகொண்டார். நடுப் பொத்தானை விரைவாக மூன்று முறை அழுத்தினால் எங்கே இருந்தாலும் முதல் பாட்டுக்கு வந்துவிடும் என்பதையும் சொன்னேன். அதைச் சொன்னபோது அவர் முகம் சற்று நிமிர்ந்தது. அன்று அதையும் நான் கவனித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

திரையில்லாத அந்தக் கருவி, பார்வை குறைந்தவருக்கு எல்லா வகையிலும் ஏற்றதாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். மின்கலம் தீரப்போவதை அது நிறத்தால் மட்டுமே சொல்லும். மாமாவுக்கு அது பாட்டின் நடுவே விழும் மௌனமாகத்தான் தெரிய வந்தது. நடுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பொத்தான்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கி அதை அறிவிக்கும். அதை அவருக்கு நான் சொல்லித் தர மறந்துவிட்டேன். ஒரு முறை அறியாமல் பூட்டிவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று நான்கு நாள் மூலையில் வைத்திருந்தார். பாட்டு ஏற்றுவதற்குக் கணினி வேண்டும். அதுவும் ஒரு கணினியின் தொகுப்போடு மட்டுமே அது ஒட்டி உறவாடும். கும்பகோணம் வீட்டில் கணினி கிடையாது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மடிக்கணினியோடு நான் போனால்தான் அவருக்குப் புதிய பாட்டு. எல்லாக் குறைகளிலும் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். கேட்பது அவர், ஏற்றுவது நான். அவர் எதை எந்த வரிசையில் கேட்பார் என்பது என் கையில் இருந்தது. அந்தப் பொறுப்பின் கனம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தீபாவளியும் பொங்கலும்

2012 தீபாவளிக்குப் போனபோது புதிதாக அறுபது பதிவுகள் கொண்டு போயிருந்தேன். பழைய வரிசையைப் பார்த்தால் எனக்கே குழப்பமாக இருந்தது: ஒரு நாதஸ்வரம், ஒரு பல்லவி, ஒரு விருத்தம், மறுபடி நாதஸ்வரம். இடம் போதாததால் சிலவற்றை எடுத்துவிட்டேன். மீதியையும் புதியவற்றையும் கலைஞர் பெயர்களின் அகரவரிசையில் ஒழுங்காக அடுக்கினேன். பெயர்ப்பட்டியல் திரையில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்று ரசித்ததுகூட நினைவிருக்கிறது. ஏற்றி முடித்து, "மாமா, இனிமே எல்லாம் ஒழுங்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றிரவே சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

பொங்கலுக்குப் போனபோது அலமாரித் தட்டில், மருந்துச் சீட்டுகளுக்குப் பக்கத்தில், காதொலிப்பானின் கம்பி சுற்றப்பட்டுக் கருவி கிடந்தது. அத்தையிடம் கேட்டேன். "தீபாவளிக்கு அப்புறம் கேக்கறதே இல்லப்பா. காதே சரியில்லேங்கறாரு" என்றார். மாமா கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். கருவியைச் சார்ஜ் ஏற்றி அவர் கையில் கொடுத்து, என்ன செய்கிறது என்று காட்டுங்கள் என்றேன்.

ஒரு காதில் அவர் வைத்துக்கொண்டார், மற்றொன்றை நான் வைத்துக்கொண்டேன். கட்டைவிரல் கிளிப்பைத் தடவியது, கருவியை நிமிர்த்திக்கொண்டார். நடுப் பொத்தானில் டக் டக் டக் என்று மூன்று அழுத்து. பிறகு விரல் வலப்பக்கம் நகர்ந்தது. ஓர் அழுத்து, ஒரு நொடி நிதானம், அடுத்த அழுத்து. அவர் உதடுகள் மெல்ல அசைவதைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். முதல் பாட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் 17ஆவதற்குப் பதினாறு அழுத்து. பதினாறில் விரல் நின்றது. அவர் தலை லேசாகச் சாய்ந்து தோடிக்குக் காத்திருந்தது. எங்கள் இருவர் காதிலும் ஒரு பஜனைப் பாட்டு தொடங்கியது; நான் கொண்டுபோய்ச் சேர்த்த அறுபதில் ஒன்று. அவர் கோபப்படவில்லை. காதிலிருந்ததைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"கேஸைப் பிரிச்சுப் போடறவன் மாத்திப் போட்டுட்டான்னா, கோக்கறவன் என்ன மாப்ளே பண்ணுவான்? அவன் கை சரியாத்தான் போகும். வர்ற எழுத்துதான் தப்பா இருக்கும்."

அச்சு முடிந்த பக்கத்தின் எழுத்துகளை மறுபடி அந்தந்த அறைகளில் போடும் வேலையைத்தான் அவர் சொன்னார். அச்சகத்தில் அதைக் கவனக்குறைவாகச் செய்பவனைவிடப் பெரிய குற்றவாளி கிடையாது. அவன் இன்று மாற்றிப் போட்டது, நாளை இன்னொருவன் கோக்கும் பக்கத்தில் பிழையாக வந்து நிற்கும். இரண்டு ஆண்டுகளில் அந்த 140 துண்டுகளின் இடத்தையும் மாமா மனத்தில் கேஸாக அடுக்கி வைத்திருந்திருக்கிறார். யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் காத்திருக்காமல், இருட்டிலும் அவர் தானாகச் செய்துகொள்ளக்கூடிய மிகச் சில காரியங்களில் அது ஒன்று. சொட்டுமருந்துக்கும் செய்தித்தாளுக்கும் கோயிலுக்கும் அவருக்கு இன்னொருவர் வேண்டும். தோடிக்கு யாரும் வேண்டியதில்லை. அதைத்தான் நான் ஒழுங்குபடுத்தி அழித்திருந்தேன். என்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். ஆசையாகச் செய்துவிட்டுப் போன பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அத்தைதான் பதில் சொன்னார்.

அந்தப் பொங்கலில் இரண்டு நாள் மாமாவோடு உட்கார்ந்து வரிசையை மறுபடி அடுக்கினேன். பழைய வரிசை என் கணினியில் இல்லை. அவர் தலையில் இருந்தது. "பதினொண்ணு ஜி.என்.பி., பன்னெண்டு அந்த விருத்தம், பதிமூணு நீ எடுத்துட்டே போல, இருக்கா பாரு" என்று அவர் சொல்லச் சொல்ல நான் இழுத்து வைத்தேன். புதியவற்றை எல்லாவற்றுக்கும் பின்னால், 140க்கு அப்பால் வைக்கச் சொன்னார். ராகம் தானம் பல்லவித் துண்டுகளை ஒன்றாக இணைத்துத் தரவா என்று கேட்டதற்கு, பல்லவிக்கு நேராகப் போக வழியிருக்க வேண்டும், வெட்டியபடியே இருக்கட்டும் என்றார். எனக்குக் கச்சேரியைக் கெடுத்த அதே துண்டுகள் அவருக்குப் படிக்கட்டுகளாக இருந்தன. முதல் இடத்தில் அவருக்கு மிகப் பிடித்ததை வைப்பார் என்று நினைத்தேன். ஒரு சாதாரணமான வர்ணத்தை வைத்தார். அதன் முதல் ஸ்வரம் கேட்ட மாத்திரத்தில் எங்கே நிற்கிறோம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடுமாம். ஆரம்பத்துக்கு அதுதான் தேவை என்றார். தோடி 17க்குத் திரும்பியது.

பெயர் சொல்லும் கருவி

அதற்குள் இன்னொரு வழியும் வந்திருந்தது. 2009 மார்ச்சில் வெளியான மூன்றாம் தலைமுறை ஷஃபிள் பாட்டின் பெயரையும் பாடகரின் பெயரையும் வாயால் சொல்லும். கணினியில் பாட்டை ஏற்றும்போதே பெயர்கள் குரலாக மாற்றப்பட்டுக் கருவிக்குள் போய்விடும். பதினான்கு மொழிகளில் பேசியது. தமிழ் அதில் இல்லை. அதன் உடம்பில் பொத்தானே கிடையாது. எல்லாம் காதொலிப்பானின் கம்பியில். ஒரு முறை அழுத்தினால் நிறுத்தம், இரு முறை அழுத்தினால் அடுத்தது, மூன்று முறை அழுத்தினால் முந்தையது. கம்பி பழுதானால் வேறு சாதாரணக் காதொலிப்பானைப் போட்டுக் கட்டுப்படுத்த முடியாது. பரவலாக எழுந்த குறைகளுக்குப் பின் 2010 செப்டம்பரில் வந்த நான்காம் தலைமுறையில் பொத்தான்கள் திரும்பிவந்தன, குரலும் தங்கியது. நண்பரிடமிருந்து அதை வாங்கிப் போய் மாமாவிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தேன். ராகங்களின் பெயர்களை ஆங்கில வாயால் கேட்டுவிட்டு, "பேரை நானே சொல்லிக்கறேன், அது பாடினாப் போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு தொடுதிரைக் கைப்பேசியும் வாங்கிக் கொடுத்தேன். பார்வையற்ற இளைஞர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு கைப்பேசியில் எழுதுகிறார்கள், பணம் அனுப்புகிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அந்த வேகத்தை நேரில் பார்த்து வியந்திருக்கிறேன். அதனால் திரையில்லாத கருவிதான் பார்வையற்றோருக்கு உகந்தது என்று பொதுவாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எழுபது வயதில், ஈய எழுத்தின் வெட்டைத் தொட்டு வாழ்ந்த ஒரு கைக்கு, வழவழப்பான கண்ணாடி பிடிபடவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். தடவிப் பார்த்துவிட்டு, இதில் அறையே இல்லையே என்றார்.

இளைஞருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். 2017 ஜூலையில் ஷஃபிளை விற்பதையே நிறுத்திவிட்டார்கள்; இன்று எது கிடைத்தாலும் அதன் மின்கலம் முதுமையடைந்ததாகத்தான் இருக்கும், எளிதில் கழற்றி மாற்றவும் முடியாது. இரண்டாம் தலைமுறை என்றால் அதைக் கணினியோடு இணைக்கும் சிறு தாங்கியும் கூடவே கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவோ அதற்கு ஈடான ஒரு கம்பியோ இல்லாமல் சார்ஜும் ஏறாது, பாட்டும் ஏறாது. ஏதோ ஒரு பாட்டு திடீரென்று கேட்க வேண்டும் போலிருந்தால் இந்தக் கருவி உதவாது. முந்நூறு பாட்டை நிரப்பாதீர்கள், அறுபது போதும். கலைக்கும் சுவிட்சைத் தொடாமல் ஒரு மாதம் ஒரே வரிசையில் கேளுங்கள். அந்த மாதத்துக்குப் பின், ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததன் முதல் வரி உங்களுக்குள் எழத் தொடங்கினால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கைப்பேசியே போதும்.

ஒன்று கூட்டி

மாமாவின் ஷஃபிளில் 2019 வாக்கில் மின்கலம் அரைமணி நேரம்கூட நிற்காமல் போயிற்று. பர்மா பஜாரில், அதே உருவத்தில், மெமரி கார்டு போட்டுக்கொள்ளும் மலிவான கருவி ஒன்றைக் கண்டேன். ஒலியின் அடியில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். பழைய இசைத்தட்டுப் பதிவுகளின் இரைச்சலோடு அது கலந்துவிடும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். அணைத்துப் போட்டால் விட்ட இடத்தை மறந்துவிட்டு முதல் பாட்டிலிருந்தே தொடங்கும். வாங்குகிற யாரும் குறை என்று சொல்லக்கூடிய அது, மாமாவுக்கு மூன்று அழுத்துகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு சிக்கல் இருந்தது. இவ்வகைக் கருவிகள் பெயரின் அகரவரிசையைப் பார்ப்பதில்லை. எந்தக் கோப்பு கார்டில் முதலில் எழுதப்பட்டதோ அது முதல் பாட்டு. மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை எப்படி விழும் என்று நம்ப முடியாது. எனவே கார்டைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக, ஒன்று முடிந்த பின் அடுத்தது என்று, முதல் வர்ணத்திலிருந்து கடைசிப் பதிவு வரை இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஏற்றினேன்.

ஊருக்குப் போய்க் கையில் கொடுத்ததும் மாமா அதன் பொத்தான்களைத் தடவிப் பார்த்து, கொஞ்சம் மேடு அதிகம் என்றார். இயக்கினார். விரல் வலப்பக்கம் போனது. உதடுகள் எண்ணின. பதினாறில் நின்று கேட்டார், தலையை அசைத்தார், இன்னும் ஒரு முறை அழுத்தினார். அதன்பின் அவர் முகத்தைப் பார்த்தே தோடி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் கணக்கு எங்கே தவறியது என்று பதறிப்போய்க் கருவியை வாங்கிப் பார்த்தேன். அதன் உள் நினைவகத்தில், விற்பவர்களோ செய்தவர்களோ சோதனைக்காகப் போட்டிருந்த அரை நிமிட மெட்டு ஒன்று முதல் இடத்தில் இருந்தது; நான் கார்டை மட்டும்தான் துடைத்திருந்தேன். கணினியை எடுத்து வருகிறேன், ஒரு நிமிடத்தில் நீக்கிவிடலாம் என்று எழுந்தேன்.

"வேண்டாம், விடு" என்றார் மாமா. "தோடி பதினெட்டு. ஒண்ணு கூட்டிக்கிட்டாச்சு. நீ மறுபடி எதையும் தொடாதே."

இப்போது அவருக்கு 84 வயது. நான் அதைத் தொடவில்லை.